எஸ்எம்பிஎஸ் தாங்குமா? சேர்வராயன் மலை மின்சாரமும் கிராபிக்ஸ் கார்டு கணக்கும்

மேசைக் கணினிக்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்க நினைப்பவருக்கு, விலைக்கு அடுத்தபடியாக எழும் கேள்வி உள்ளே இருக்கிற எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளைப் பெட்டி அதைத் தாங்குமா என்பதுதான். கேள்வி பழையது. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் பவர் சப்ளை 63.5 வாட் மட்டுமே கொடுத்தது. அதில் ஹார்ட் டிஸ்க் மாட்ட விரும்பியவர்கள் பெரும்பாலும் பவர் சப்ளையையும் சேர்த்தே மாற்ற நேர்ந்தது. 1983-ல் ஹார்ட் டிஸ்க்குடனேயே வந்த எக்ஸ்டி மாடலுக்கு ஐபிஎம் 130 வாட் வைத்தது. கிராபிக்ஸ் கார்டுகள் இந்த விவகாரத்துக்குள் நுழைந்தது 2000-ஐ ஒட்டித்தான். அந்த ஆண்டு வந்த வூடூ 5 5500 கார்டும், 2002-ல் வந்த ரேடியான் 9700 புரோவும் ஸ்லாட் தரும் மின்சாரம் போதாமல், பவர் சப்ளையிலிருந்து நேராக ஒரு வயரைக் கேட்டன. 2004-ல் பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்தபோது கணக்கு ஒரு ஒழுங்குக்கு வந்தது: ஸ்லாட் வழியாக 75 வாட், 6 பின் கனெக்டர் வழியாக இன்னொரு 75 வாட், பிறகு வந்த 8 பின் கனெக்டர் வழியாக 150 வாட். 2022-ல் வந்த 16 பின் கனெக்டர் ஒன்றே 600 வாட் வரை சுமக்கும் என்றார்கள்.

ஒவ்வொரு கட்டமும் தனக்கென ஒரு விடையை விட்டுச் சென்றிருக்கிறது. லேபிளைப் பார் என்றது ஒன்று. தயாரிப்பாளர் சொல்வதைக் கேள் என்றது இன்னொன்று. எல்லாவற்றையும் கூட்டிப் பார் என்றது மூன்றாவது. சான்றிதழையும் பிராண்டையும் நம்பச் சொன்னவர்களும் உண்டு. இந்த விடைகளில் எதுவும் முற்றிலும் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அத்தனையும் ஒரே அனுமானத்தின் மேல் நிற்கின்றன: சுவரில் உள்ள பிளக்கில் மின்சாரம் சீராக இருக்கும், கேள்வி பெட்டிக்கு உள்ளே மட்டும்தான் என்ற அனுமானம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி சேர்வராயன் மலை மேல் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டிலும், அதைச் சுற்றியுள்ள நாகலூர், மாரமங்கலம், வாழவந்தி போன்ற மலைக் கிராமங்களிலும் அந்த அனுமானத்தைச் சோதிக்காமல் ஏற்க முடியாது. வாட் என்ற ஒற்றை எண் இந்தக் கேள்விக்கு விடையாகாது என்பதும், கார்டில் தொடங்கி வீட்டின் எர்த் குழி வரை நீளும் சங்கிலியில் மிகப் பலவீனமான கண்ணியே விடையைத் தீர்மானிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

லேபிளில் எழுதிய வாட்

மிகப் பழைய விடை இதுதான்: பெட்டியின் பக்கவாட்டில் 450 என்றோ 500 என்றோ எழுதியிருந்தால் போதும். பிராசசரும் கார்டும் 3.3 வோல்ட், 5 வோல்ட் பாதைகளிலேயே பெரும்பகுதி மின்சாரத்தை எடுத்த காலத்தில், மொத்த வாட்டுக்கு ஓரளவு பொருள் இருந்தது. 2000-ல் பென்டியம் 4-க்காகத் தனி 12 வோல்ட் கனெக்டர் வந்த பிறகு நிலைமை மாறியது. இன்றைய கணினியில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுமையாக 12 வோல்ட் பாதையை நம்பியே ஓடுகின்றன. ஆகவே லேபிளில் படிக்க வேண்டியது பெரிய எழுத்தில் உள்ள எண்ணை அல்ல, கீழே உள்ள அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது என்பதைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்க்கலாம். இன்டெல் ஐ5-12400 பிராசசரின் அடிப்படை அளவு 65 வாட் என்றாலும், உச்சத்தில் அது 117 வாட் வரை போகலாம் என்று இன்டெல்லே குறிப்பிடுகிறது. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115 வாட். மதர்போர்டு, ராம், டிஸ்க், ஃபேன்கள் எல்லாவற்றுக்குமாக 50 வாட் வைத்தால் மொத்தம் 282 வாட். இதில் 250 வாட் 12 வோல்ட் பாதையில் போகிறது என்று கொண்டால் ஏறக்குறைய 21 ஆம்பியர் தேவை. நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றின் லேபிளில் 12 வோல்ட்டுக்கு 36 ஆம்பியர், அதாவது 432 வாட் என்று இருக்கும். அது இந்தச் சுமையைச் சிரமமின்றித் தாங்கும். கேபினட்டோடு இலவசமாக வரும் ஒரு பெட்டியிலும் 450 என்றே அச்சிட்டு, அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால், கையில் கிடைப்பது 192 வாட்தான். அது முதல் நாளே திணறும். இரண்டு பெட்டிகளிலும் எழுதியிருக்கும் எண் ஒன்றுதான்.

லேபிள் வாதம் இன்னொரு பக்கமும் உடைகிறது. நிறுவனங்கள் கழித்துவிட்ட அலுவலகக் கணினிகளை வாங்கிப் பயன்படுத்தும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாகியிருக்கிறது. டெல் ஆப்டிப்ளெக்ஸ் 7010 மாடலின் சிறிய வடிவத்தில் இருப்பது 240 வாட் பவர் சப்ளை. எண்ணைக் கேட்டதும் இது எதற்கும் உதவாது என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் தனி வயர் கேட்காமல் ஸ்லாட்டிலிருந்தே 75 வாட்டுக்குள் எடுத்துக்கொள்ளும் ஜிடிஎக்ஸ் 1650 வகைக் கார்டை, அந்த 240 வாட் பெட்டி பல 450 வாட் பெட்டிகளைவிட நம்பகமாகச் சுமக்கக்கூடும். அங்கே தடை வேறு இடத்தில் வரும்: கார்டின் உயரம் பெட்டிக்குள் பொருந்த வேண்டும். பின்னாளில் வந்த பல அலுவலக மாடல்களில் மதர்போர்டின் மின் கனெக்டரே பொது அளவில் இல்லாததால், பவர் சப்ளையை மட்டும் மாற்றிக்கொள்ளவும் வழியில்லை.

தயாரிப்பாளரின் எண்ணும் கூட்டல் கணக்கும்

கார்டு தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு பரிந்துரையை அச்சிடுகிறார்கள். 2021-ல் வந்த 170 வாட் ஆர்டிஎக்ஸ் 3060-க்கு என்விடியா பரிந்துரைத்தது 550 வாட். 2023-ல் வந்த 115 வாட் ஆர்டிஎக்ஸ் 4060-க்கும் அதே 550 வாட். சுமை மூன்றில் ஒரு பங்கு குறைந்தும் பரிந்துரை நகரவில்லை. பயனரிடம் எந்தப் பிராசசர் இருக்கிறது, எத்தனை டிஸ்க் இருக்கின்றன, எவ்வளவு மட்டமான எஸ்எம்பிஎஸ் இருக்கிறது என்று தெரியாத நிலையில், எல்லா ஐயங்களையும் ஒரே எண்ணுக்குள் அடைத்திருக்கிறார்கள் என்றே இதைப் புரிந்துகொள்ள வேண்டும். நல்ல பெட்டி வைத்திருப்பவருக்கு இந்த எண் வீண் செலவைத் தூண்டுகிறது. போலி லேபிள் பெட்டி வைத்திருப்பவருக்குப் பொய்யான நிம்மதியைக் கொடுக்கிறது. 2025 ஜனவரியில் வந்த 575 வாட் ஆர்டிஎக்ஸ் 5090-க்கு 1,000 வாட் என்று சொல்லும்போது அந்த எண்ணில் நியாயம் கூடுகிறது. ஆனால் பெரும்பாலோர் வாங்குவது அந்தக் கார்டை அல்ல.

கூட்டல் கணக்குக்காரர்கள் இதைவிடப் பொறுப்பானவர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் எவ்வளவு என்று கூட்டி, அதன் மேல் 30 அல்லது 40 சதவீதம் இடைவெளி விடு என்கிறார்கள். மேலே போட்ட 282 வாட் கணக்கு இந்தப் பள்ளியைச் சேர்ந்ததுதான், என் பார்வையில் தொடக்கப் புள்ளியாக இதைவிடச் சிறந்தது இல்லை. இதன் குறை, எதைக் கூட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. பிராசசரின் அடிப்படை அளவான 65-ஐக் கூட்டுபவர் 52 வாட்டைத் தொலைக்கிறார். ஸ்லாட் வழியாக எவ்வளவு, வயர் வழியாக எவ்வளவு என்ற பங்கீடும் மொத்தத்தில் மறைந்துவிடுகிறது. 2016 ஜூனில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480 வந்தபோது அது ஸ்லாட்டிலிருந்து 75 வாட்டுக்கு மேல் இழுக்கிறது என்று சோதனையாளர்கள் கண்டறிந்தார்கள். அடுத்த மாதமே டிரைவர் மாற்றத்தின் மூலம் ஏஎம்டி அதைச் சரிசெய்தது. மொத்தக் கணக்கு சரியாக இருந்தும் பாதை தவறாக இருக்கலாம் என்பதற்கு அது நல்ல சாட்சி.

பாதை என்று வரும்போது வயர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கார்டுக்கான 6 பின் வயர் இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸில், டிஸ்க்குக்கான சாட்டா வயரிலிருந்து 6 பின்னுக்கு மாற்றும் அடாப்டரை மாட்டுவது இன்றும் நடக்கிறது. சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். 6 பின்னின் தகுதி 75 வாட். முழுச் சுமையில் அந்தச் சிறிய பின்கள் சூடேறி, பிளாஸ்டிக் பழுப்பாகி, பிறகு உருகும். பிராசசருக்கான 8 பின்னும் கார்டுக்கான 8 பின்னும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் 12 வோல்ட் வரும் பக்கம் எதிரெதிரானது. கழற்றி மாட்டும் வயர்கள் கொண்ட பவர் சப்ளைகளில், ஒரு நிறுவனத்தின் வயரை இன்னொன்றின் பெட்டியில் செருகினால் பாகங்கள் ஒரே நொடியில் கருகக்கூடும். வாட் கணக்கு எதுவும் இந்த மூன்றிலிருந்தும் காப்பாற்றாது.

கண நேரத் தாவல்கள்

2020 செப்டம்பரில் 320 வாட் ஆர்டிஎக்ஸ் 3080 வந்த பிறகு, கணக்கில் தாராளமாக இடம் இருந்த நல்ல பவர் சப்ளைகள்கூட விளையாட்டின் நடுவே பட்டென்று அணைந்தன. கார்டு தன் சராசரி அளவைவிட மிக அதிகமான மின்சாரத்தை, நொடியின் மிகச் சிறிய பங்கு நேரத்துக்கு இழுக்கிறது என்பதும், எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று அதை மிகைச் சுமை என்று நினைத்துத் துண்டிக்கிறது என்பதும் பிறகு தெளிவாயின. இதற்கான விடையாக 2022-ல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 வரையறை, தன் அளவைப் போல் இருமடங்குத் தாவலை 100 மைக்ரோ நொடிக்குத் தாங்க வேண்டும் என்று பவர் சப்ளைகளிடம் கேட்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் 450 வாட் ஆர்டிஎக்ஸ் 4090-ன் 16 பின் கனெக்டர்கள் உருகியதாகச் செய்திகள் வந்தன; கனெக்டர் முழுமையாகச் செருகப்படாததே முதன்மைக் காரணம் என்றது என்விடியா, அடுத்த ஆண்டு அதன் திருத்திய வடிவம் வந்தது. இந்த விவாதம் உண்மையானது, ஆனால் உயர்விலைக் கார்டுகளுக்கானது. 115 வாட் கார்டு இரண்டு மடங்கு தாவினாலும் நல்ல 450 வாட் பெட்டிக்கு அது பொருட்டில்லை. உலகெங்கும் பேசப்படுவதாலேயே அதைச் சாதாரணக் கார்டுகளின் மேல் ஏற்றிப் பயப்படத் தேவையில்லை.

சான்றிதழும் பிராண்டும்

2004-ல் தொடங்கிய 80 பிளஸ் சான்றிதழை, ப்ரோன்ஸ், கோல்டு என்ற பெயர்களோடு, தர முத்திரையாகவே பலரும் படிக்கிறார்கள். அது முதன்மையாக அளப்பது ஒன்றை: சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் கணினிக்குப் போய்ச் சேருகிறது என்பதை. சோதனை நடப்பது 23 டிகிரி அறை வெப்பத்தில். 12 வோல்ட் பாதையில் அலைவு எவ்வளவு, ஷார்ட் ஆனால் துண்டிக்குமா, வோல்டேஜ் குறையும்போது எப்படி நடந்துகொள்கிறது என்பவற்றை அது கேட்பதில்லை. ஆனாலும் சான்றிதழ் வாங்கச் செலவு செய்யும் நிறுவனம் லேபிளில் அப்பட்டமாகப் பொய் எழுதுவது அரிது என்ற அளவில் அதற்கு மதிப்புண்டு. பிராண்டு வாதமும் அப்படித்தான். ஒரே நிறுவனம் வெவ்வேறு தொழிற்சாலைகளில் செய்த, வெவ்வேறு தரமுள்ள பெட்டிகளை அடுத்தடுத்த வரிசைகளில் விற்கிறது. பெயரை நம்புவதைவிட அந்தக் குறிப்பிட்ட மாடலைப் பிரித்துச் சோதித்தவர்கள் சொல்வதை நம்பலாம். அந்தச் சோதனைகளில் கணிசமானவை, வோல்டேஜ் அசையாத ஆய்வகங்களில் செய்யப்பட்டவை என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

சுவருக்கு அந்தப் பக்கம்

இதுவரை பார்த்த எல்லா விடைகளும் விட்டுவிட்ட பகுதி இது. தாழ்வழுத்த இணைப்புக்கு வோல்டேஜ் 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. 230 வோல்ட்டுக்கு அது 216 முதல் 244 வரை. சமவெளி நகரத்தில் டிரான்ஸ்பார்மருக்கு அருகே உள்ள வீட்டில் இது பெரும்பாலும் நடக்கிறது. வீடுகள் சிதறிக் கிடக்கும் மலைப்பகுதியின் இயல்பு வேறு. கம்பிகள் காபித் தோட்டங்களின் ஊடே, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே போகின்றன. காற்றடித்தால் கிளை ஒடிந்து கம்பியில் விழும். இடியோடு வரும் கோடை மழையும் ஐப்பசி மழையும் தம் பங்குக்குப் படுத்தும். டிரான்ஸ்பார்மரிலிருந்து நெடுந்தூரம் இழுத்த ஒற்றை ஃபேஸ் கம்பியின் கடைசி வீட்டில், எல்லோரும் வாட்டர் ஹீட்டர் போடும் குளிர்காலக் காலையில் வோல்டேஜ் இறங்குவது இயற்பியல் விதி. மே மாதக் கோடை விழாவை ஒட்டி விடுதிகள் நிறையும்போதும் அதே விதிதான்.

வோல்டேஜ் இறங்குவதற்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் என்ன தொடர்பு? எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்தால் கண்ணில் முதலில் படுவது கட்டைவிரல் பருமனுள்ள ஒரு கெப்பாசிட்டர். ஏசி மின்சாரம் டிசியாக மாறி முதலில் அங்கேதான் சேர்கிறது. கரண்ட் போவதற்கும் யூபிஎஸ் கைகொடுப்பதற்கும் இடையே உள்ள சில மில்லி நொடிகளில் கணினியை உயிரோடு வைத்திருப்பதும் அதுவே. ஆக்டிவ் பிஎஃப்சி எனப்படும் மின்திருத்தம் இல்லாத சாதாரணப் பெட்டி ஒன்றில் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கிறது, அதில் 230 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பெட்டி அணைந்துவிடும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். சுவரில் 230 வோல்ட் ஏசி இருந்தால் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் ஏறும். பயன்படுத்தக்கூடிய ஆற்றல் 5.8 ஜூல். கார்டு இல்லாத கணினி 150 வாட் எடுத்தால், 80 சதவீதத் திறனில், அது 31 மில்லி நொடி தாங்கும். கார்டு மாட்டி 300 வாட் ஆனால் 15 மில்லி நொடி. யூபிஎஸ் மாற 10 மில்லி நொடி எடுத்துக்கொண்டாலும் இரண்டும் தப்பிவிடும். இப்போது சுவரில் 190 வோல்ட் என்று வையுங்கள். கெப்பாசிட்டரில் 269 வோல்ட்தான் ஏறும், கையிருப்பு 2.1 ஜூலாகச் சுருங்கும். 150 வாட் கணினிக்கு 11 மில்லி நொடி கிடைக்கும், எப்படியோ பிழைத்துக்கொள்ளும். 300 வாட் கணினிக்குக் கிடைப்பது 6 மில்லி நொடிக்கும் குறைவு. யூபிஎஸ் விழித்துக்கொள்வதற்குள் அணைந்துவிடும்.

இந்தக் கணக்கு ஒரு பொதுவான குழப்பத்தை விளக்குகிறது. கார்டு மாட்டியபின் கணினி பகலெல்லாம் நன்றாக ஓடுகிறது, கரண்ட் போய் வரும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், பழி யூபிஎஸ் பேட்டரியின் மேல் விழும். பேட்டரி மாற்றியும் குறை தீராது. பிழை பெரும்பாலும் இந்த மில்லி நொடிக் கையிருப்பில் இருக்கிறது. இதற்கு உள்ள நல்ல தீர்வு, மின்திருத்தச் சுற்று உள்ள பவர் சப்ளை. அது சுவரில் 230 இருந்தாலும் 180 இருந்தாலும், உள்ளே கெப்பாசிட்டரை ஏறக்குறைய 380 வோல்ட்டில் நிறுத்தி வைக்கும். அதற்கும் ஒரு விலை உண்டு: வோல்டேஜ் குறைந்த அளவுக்கு அது ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். 344 வாட்டுக்கு 230 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் என்றால் 180 வோல்ட்டில் 1.9 ஆம்பியர். தளர்ந்த பிளக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரும் இருந்தால் அந்த வித்தியாசம் சூடாக வெளிப்படும். இந்தியாவில் விற்கும் சில மலிவு மாடல்கள் 200 முதல் 240 வோல்ட் வரை மட்டுமே தகுதி பெற்றவை. சமவெளியில் அது குறையே இல்லை. மலையில் லேபிளில் முதலில் பார்க்க வேண்டிய வரி அது.

அந்த 344 வாட் எங்கிருந்து வந்தது என்பதிலும் ஒரு செய்தி இருக்கிறது. உள்ளே 282 வாட் வேண்டுமென்றால், 82 சதவீதத் திறனுள்ள பெட்டி சுவரிலிருந்து 344 வாட் எடுக்கும். மானிட்டருக்கு 25 வாட் சேர்த்தால் 370-ஐ நெருங்கும். 2008 முதல் சில ஆண்டுகள் நீடித்த, 2012-ல் சென்னைக்கு வெளியே மிகக் கடுமையாக இருந்த மின்வெட்டுக் காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் நிலைபெற்ற 600 விஏ யூபிஎஸ்ஸின் உண்மைத் தகுதி பொதுவாக 360 வாட். ஆக, எஸ்எம்பிஎஸ் தாங்குகிறது, யூபிஎஸ் தாங்கவில்லை. கரண்ட் இருக்கும்வரை இது தெரியாது. போன கணமே யூபிஎஸ் அலறி அணையும். மலிவு யூபிஎஸ்களும் பழைய இன்வெர்ட்டர்களும் தரும் படிக்கட்டு வடிவ மின்னலையை மின்திருத்தப் பவர் சப்ளைகள் சில ஏற்காமல் துண்டித்துக்கொள்வதும் உண்டு. நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கியதாலேயே பழைய யூபிஎஸ்ஸோடு பொருந்தாமல் போவது வாங்கியவருக்கு விளங்காத வேதனை.

எர்த் பற்றி யாரும் கேட்பதில்லை. சேர்வராயன் மலையின் உடல் சார்னோக்கைட் பாறை, மேலே பல இடங்களில் பாக்சைட் படிவம்; மண் ஆழமில்லாத இடத்தில் அடித்த எர்த் கம்பி பாறையைத் தொட்டு நின்றுவிட்டால், மின்கசிவு தரைக்குள் போக வழியில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இருந்து உலோக உறையோடு இணைந்த சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாவிட்டால் கேபினட் ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். புறங்கையால் தடவினால் சுருசுருவென்று உணர்வது அதைத்தான். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் உயிருக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் ஹெச்டிஎம்ஐ வயரைச் செருகும் கணத்தில் கார்டின் போர்ட்டைக் கெடுக்க அது போதும். இடி விழும் மலையில், எர்த் இல்லாத சர்ஜ் புரொடெக்டரின் பயனும் பெருமளவு குறைந்துவிடும்.

உயரமும் குளிரும்

மலையில் காற்று மெலிந்திருப்பதால் ஃபேன் சரியாகக் குளிர்விக்காது, ஆகவே இன்னும் பெரிய எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்ற வாதத்தையும் கேட்க முடிகிறது. பாதி உண்மை. 1,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. கீழே பெட்டிக்குள் 20 டிகிரி ஏறும் வெப்பம் மேலே 23, 24 டிகிரி ஏறலாம். ஆனால் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும் சித்திரை மாதத்தில் அறை வெப்பம் 38 என்றால் உள்ளே 58 ஆகும். ஏற்காட்டில் அறை 25 என்றால் உள்ளே 49-ஐத் தாண்டாது. இன்டெல்லின் வடிவமைப்பு வழிகாட்டியே 10,000 அடி உயரம் வரை இயங்க வேண்டும் என்கிறது. ஏற்காடு அதில் பாதி உயரம். கெப்பாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி குறைந்தால் இரட்டிக்கும் என்ற பொறியியல் கணிப்பையும் சேர்த்துக்கொண்டால், இந்த ஓர் அம்சத்தில் மலை எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சாதகமே. கவலைப்பட வேண்டியது பனிமூட்டத்தின் ஈரம். தூசியோடு சேர்ந்த ஈரம் உயர்வோல்ட் பகுதியில் கசிவுப் பாதையை உண்டாக்கும். தூசியைத் துடைத்து, கணினியைச் சன்னலோரத்திலிருந்து தள்ளி வைப்பது 100 வாட் கூடுதலாக வாங்குவதைவிட அங்கே பயன் தரும்.

மறுப்புகள்

இவ்வளவு கணக்கு எதற்கு, சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டு போட்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்களே என்பது முதல் மறுப்பு. இருக்கிறார்கள், பெரும்பாலான நேரம் கணினி உச்சச் சுமையில் இருப்பதில்லை என்பதே காரணம். மட்டமான பெட்டியின் ஆபத்து அது அணைந்துபோவதில் இல்லை. பாதுகாப்புச் சுற்று இல்லாமல் செத்தால், 12 வோல்ட்டை எகிறவிட்டு மதர்போர்டையும் புதுக் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். தப்பித்தவர்கள் பேசுகிறார்கள், கருகியவர்கள் அடுத்த கணினி வாங்கப் போய்விடுகிறார்கள்.

பேசாமல் 850 வாட் வாங்கிவிட்டால் போகிறது என்பது அடுத்தது. பணம் இருந்தால் தவறில்லை. ஆனால் 115 வாட் கார்டுக்காக அந்தப் பணத்தைச் செலவழிப்பவர் வீட்டில் எர்த் இல்லாமலும் யூபிஎஸ் 360 வாட்டிலும் நின்றுவிட்டால், சங்கிலியின் வலுவான கண்ணியையே மேலும் வலுவாக்கியிருக்கிறார். மூன்றாவது, கார்டின் மின் வரம்பை மென்பொருள் மூலம் 70, 80 சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்வது. வேகத்தில் சிறிதே இழந்து சூட்டிலும் சுமையிலும் கணிசமாக மிச்சப்படுத்தும் இந்த வழியை நான் மதிக்கிறேன், மலைக் கிராமத்துக்கு இது பொருத்தமும்கூட. டிரைவர் ஏறிய பிறகே வரம்பு செயல்படும் என்பதும், கண நேரத் தாவல்களை அது முற்றிலும் அடக்காது என்பதும் அதன் எல்லைகள். நான்காவது, சோதித்துப் பார்த்துவிட்டோம் என்பது. பச்சை வயரையும் கருப்பு வயரையும் இணைத்து ஃபேன் சுற்றுவதைக் காட்டுவது கடைகளில் வழக்கம். பெட்டி உயிரோடு இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும், சுமை தாங்குமா என்பதைச் சொல்லாது. கார்டு முழுச் சுமையில் ஓடும்போது மல்டிமீட்டரில் 12 வோல்ட் 11.4-க்குக் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பது மேல். அதிலும் அலைவு தெரியாது, அதற்கு ஆசிலோஸ்கோப் வேண்டும்.

திறந்தே இருப்பவை

விவாதத்தில் தீர்ந்தவை சில. 12 வோல்ட் ஆம்பியரே பார்க்க வேண்டிய எண் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கண நேரத் தாவல்கள் உயர்விலைக் கார்டுகளின் பிரச்சினை என்பதும், சாட்டா அடாப்டர் கூடாது என்பதும் அப்படியே. தீராதவை பெரும்பாலும் மின்வழங்கல் பக்கம் இருக்கின்றன. எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதற்கு 20 முதல் 50 சதவீதம் வரை சொல்கிறார்கள். ஐந்து ஆண்டு ஓடிய பெட்டியின் கெப்பாசிட்டர் எவ்வளவு தேய்ந்திருக்கும் என்பதை வெளியிலிருந்து அறிய எளிய வழி இல்லாதவரை இந்த வீச்சு சுருங்காது. பரவலாக நம்பப்படும் சான்றிதழ் குறைந்த வோல்டேஜில் எத்தனை மில்லி நொடி தாங்கும் என்பதைக் கேட்காதவரை, மலைக் கிராமத்தார் தம் கணக்கைத் தாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். பழுதான பெட்டியை மாற்ற 20 வளைவுகள் இறங்கிச் சேலம் போய்வர ஒரு நாள் ஆகும் இடத்தில் அந்தக் கணக்கு அவசியமானது.

ஆகவே ஏற்காட்டுப் பகுதியில் கார்டு வாங்க நினைப்பவருக்கு என் பரிந்துரை இது. கார்டின் விலையை விசாரிப்பதற்கு முன், குளிர்கால அதிகாலையிலும் மாலை விளக்கு நேரத்திலும் பிளக்கில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்கள். யூபிஎஸ்ஸின் பின்புறம் விஏ-வுக்குப் பக்கத்தில் வாட் எவ்வளவு என்று படியுங்கள். வோல்டேஜ் 200-க்குக் கீழே போகாமல், எர்த் சரியாக இருந்தால், 12 வோல்ட்டில் 30 ஆம்பியருக்கு மேல் தரும், மின்திருத்தச் சுற்று உள்ள நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ் 115 வாட் கார்டுக்குப் போதும். 200-க்குக் கீழே போகிறதென்றால், 100 முதல் 240 வோல்ட் வரை தகுதி பெற்ற பெட்டியையும் அதற்கு ஏற்ற யூபிஎஸ்ஸையும் முதலில் வாங்குங்கள். கார்டு அடுத்த மாதம் வரட்டும்.